கொள்ளைநோய்க் காலத்தில் 25 அடி மோட்டார்ஹோம்: எத்தனை நாள் தாங்கும்?

மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் முதலில் கட்டிலைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை பேர் படுக்கலாம், டிவி இருக்கிறதா, பக்கவாட்டில் நிழல்துணி விரியுமா என்று விசாரிக்கிறார்கள். 2020-க்குப் பிறகு முதலில் கேட்க வேண்டியது வேறு. அடுத்தவர் குழாயையும் கழிப்பறையையும் தொடாமல் இந்த வண்டி எத்தனை நாள் தாங்கும்? அமெரிக்காவில் வாடகைக்கு எளிதாகக் கிடைக்கும் 25 அடி 'கிளாஸ் சி' வண்டியை அந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே எடை போடுகிறோம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வகை. பயணிப்பது நான்கு பேர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் புழங்குவதுபோல் தண்ணீர் புழங்கினால் ஒரே நாள். கொஞ்சம் கையை அடக்கினால் இரண்டு மூன்று நாள். நன்றாகப் பழகிய குடும்பம் நான்கைந்து நாள் ஓட்டலாம். தனியாகத் தண்ணீர்ப் பையும் கழிவுநீர் எடுத்துச் செல்லும் தொட்டியும் வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு வாரம். இரண்டே பேர் என்றால் இந்தக் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். 'வீட்டையே ஓட்டிக்கொண்டு போகலாம், யாரையும் நம்பி இருக்க வேண்டாம்' என்று விளம்பரத்தில் வருவதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

2020 மார்ச்சில் அந்தத் தூரம் எல்லாருக்கும் தெரிந்துபோனது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டை உலகப் பெருந்தொற்று என்றது. தேசியப் பூங்காக்களில் மார்ச் 20-இல் யோசெமிட்டி மூடப்பட்டது, 24-இல் யெல்லோஸ்டோன், ஏப்ரல் 1-இல் கிராண்ட் கேன்யன். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா மாநிலப் பூங்காக்களின் முகாம்களும் மார்ச்சிலேயே பூட்டப்பட்டன. யூட்டாவின் மோவாப் பகுதியில் வெளியூர்க்காரர்கள் இரவு தங்கவே கூடாது என்று சுகாதாரத் துறை உத்தரவு போட்டது. பென்சில்வேனியா நெடுஞ்சாலை ஓய்விடங்களை மூடிவிட்டு, லாரி ஓட்டுநர்கள் தவித்ததைப் பார்த்துச் சிலவற்றை மறுபடி திறந்தது. ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வாழ்கிறவர்களுக்கு 'வீட்டிலேயே இருங்கள்' என்ற உத்தரவு வந்தபோது, அந்த வீட்டை எங்கே நிறுத்துவது என்பதே பெரும்பாடாகிவிட்டது.

பருவமும் சேர்ந்து நெருக்கியது. குளிர்காலத்தை அரிசோனா பாலைவனத்தில் கழிக்கிறவர்கள் ஏப்ரல் பிறந்ததும் வடக்கே கிளம்புவது வழக்கம். தங்கினால் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், மின் இணைப்போ ஜெனரேட்டரோ இல்லாமல் ஏசி ஓடாது. வடக்கே போனால் மலைப்பகுதி முகாம்கள் இன்னும் பனியில் கிடக்கும், திறக்க வேண்டியவையும் திறக்கவில்லை. இந்த இடுக்கில் மாட்டியவர்களிடம் வண்டி பெரிதா சிறிதா என்ற பேச்சே எழவில்லை. தண்ணீர் எங்கே பிடிப்பது, கழிவை எங்கே கொட்டுவது, இந்த இரண்டுதான்.

மூன்று தொட்டிகள்

வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள் உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒன்று. கை கழுவுவது, பாத்திரம், குளியல் எல்லாம் போய்ச் சேரும் 'கிரே டேங்க்' ஒன்று. கழிப்பறைக்கான 'பிளாக் டேங்க்' ஒன்று. 25 அடி வண்டியில் நல்ல தண்ணீர் ஏறத்தாழ 40 கேலன், மற்ற இரண்டும் 30 கேலன் அளவில் இருக்கும். கேலன் என்பது 3.8 லிட்டர். வண்டிக்கு வண்டி இது மாறும். படுக்கைகளின் எண்ணிக்கையைக் கேட்கும்போதே மூன்று தொட்டிகளின் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் தீர்வது நல்ல தண்ணீர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தண்ணீரைக் கேனில் வாங்கி வந்து ஊற்றிக்கொள்ளலாம். நிரம்பிய கிரே டேங்கை அப்படிச் சமாளிக்க முடியாது. அது நிறைந்தால் குளியல் தொட்டியின் ஓட்டை வழியாகச் சோப்புத் தண்ணீர் மேலே ஏறி வந்து நிற்கும். வண்டியிலேயே தாழ்வான வடிகால் அதுதான். கீழே திறந்து விட்டுவிடலாமே என்றால், பெரும்பாலான இடங்களில் அது சட்டப்படி குற்றம். அதனால்தான் சில ஊர்கள் இந்த வண்டிகளைப் பார்த்தாலே முகம் சுளிக்கின்றன.

பெருந்தொற்றுக்கென்றே ஒரு தண்ணீர்ச் செலவு வந்து சேர்ந்தது: 20 விநாடி கை கழுவுவது. வண்டிக் குழாய் நிமிடத்துக்கு ஒன்றரை கேலன் விடுகிறது என்று வையுங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்கும் நேரமும் குழாய் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு தடவைக்கு அரை கேலன். நான்கு பேர், ஆளுக்கு எட்டுத் தடவை என்றால் ஒரு நாளைக்கு 16 கேலன். வேறு எதற்கும் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல், கை கழுவியே இரண்டு நாளில் கிரே டேங்க் நிரம்பிவிடும்.

கையை நனைத்துக் குழாயை மூட வேண்டும், 20 விநாடி நுரை வரத் தேய்க்க வேண்டும், பிறகு திறந்து அலச வேண்டும். அதே வேலை 400 மில்லியில் முடிந்துவிடும். அலசுவதற்குச் சின்ன ஸ்ப்ரே பாட்டில் வைத்துக்கொண்டால் இன்னும் குறையும். சின்னக் குழந்தைகள் குழாயைத் திறந்தே வைத்திருப்பார்கள். அவர்களுக்குச் சிங்க்கில் ஒரு கிண்ணம் வைத்து அதில் பிடித்த தண்ணீரில் கழுவப் பழக்குங்கள். குளியலும் இப்படித்தான். நனைந்து, நிறுத்தி, தேய்த்து, அலசினால் ஒரு கேலனில் முடியும். சுடுதண்ணீர் வரும் வரை வீணாகும் குளிர்ந்த தண்ணீரை ஒரு குவளையில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள். தொட்டியின் ஆயுளைக் கூட்டுவது இந்த மாதிரிச் சின்ன வேலைகள்தான்.

கழிப்பறைக் காகிதம் தீர்ந்தபோது

2020 மார்ச்சில் கடைகளில் கழிப்பறைக் காகிதம் காணாமல் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். வீட்டில் இருந்தவர்களுக்கு அது சங்கடம், மோட்டார்ஹோமில் இருந்தவர்களுக்கு அது கழிப்பறையே நின்றுபோகும் விஷயம். கையில் கிடைத்த சமையலறைக் காகிதத்தையும் ஈரத் துடைப்பான்களையும் பிளாக் டேங்கில் போட்டவர்கள் ஏராளம். சமையலறைக் காகிதம் ஈரத்திலும் கிழியக் கூடாது என்றே செய்யப்படுவது. கிருமிநாசினித் துடைப்பான் பிளாஸ்டிக் இழை கலந்தது. 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று அட்டையில் எழுதியிருந்தாலும் தொட்டிக்குள் கரையாது. அது மூன்று அங்குலக் குழாயின் வாயில் கத்திபோல் சறுக்கி மூடும் வால்வில் சிக்கிக்கொள்ளும். வால்வு முழுக்க மூடாது. அடுத்த தடவை மூடியைக் கழற்றும்போது காலில் கொட்டும்.

எந்தக் காகிதம் சரி என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. கண்ணாடி ஜாடியில் பாதி தண்ணீர் எடுத்து, இரண்டு தாள்களைப் போட்டு, சில நிமிடம் ஊறவிட்டுக் குலுக்குங்கள். கஞ்சிபோலப் பிரிந்தால் போடலாம். தாளாகவே மிதந்தால் கூடாது. விலை கூடிய ஆர்வி (மோட்டார்ஹோம் போன்ற வீட்டு வண்டிகளின் பொதுப் பெயர்) காகிதம்தான் வேண்டும் என்பதில்லை, சாதாரண ஒற்றையடுக்குத் தாள் பலவும் இதில் தேறிவிடும். நம் வீடுகளில் பழகிய வழி இன்னும் மேல்: கையில் ஒரு குவளைத் தண்ணீர், காகிதம் குப்பைப் பையில். பிளாக் டேங்கில் தண்ணீர் இருப்பது தொட்டிக்கும் நல்லது.

அதற்குக் காரணம் உண்டு. சிக்கனம் என்று சொல்லித் தண்ணீரே ஊற்றாமல் விட்டால் கழிவு கழிப்பறைக் குழாய்க்கு நேர் கீழே கோபுரம்போல் குவிந்து இறுகிவிடும். முகாமில் சாக்கடை இணைப்பு கிடைத்ததும் பிளாக் வால்வைத் திறந்தே வைத்துவிடுகிறவர்களுக்கும் இதே கதிதான். தண்ணீர் வடிந்துபோகும், கெட்டியானது நின்றுவிடும். காலியான தொட்டியில் முதலில் இரண்டு கேலன் தண்ணீரும் தொட்டிக்கான மருந்தும் ஊற்றுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும் வரை வால்வைத் திறக்காதீர்கள். சிக்கனத்தைக் கை கழுவும் இடத்தில் காட்டுங்கள், இங்கே வேண்டாம்.

இன்னொன்றும் 2020-இல் பலருக்குப் பிடிபடவில்லை. கழிப்பறையைப் பிளீச்சும் கிருமிநாசினியும் ஊற்றித் தினமும் கழுவினார்கள். தொட்டி மருந்துகளில் பல, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை நம்பி வேலை செய்பவை. பிளீச் அவற்றைக் கொன்றுவிடும், நாற்றம் இரண்டு மடங்காகும், வால்வின் ரப்பர் வளையங்களும் காய்ந்து வெடிக்கும். கழிப்பறையின் இருக்கையையும் பிடியையும் கிருமிநாசினியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உள்ளே ஊற்றாதீர்கள்.

கொட்டும் இடம்

'டம்ப் ஸ்டேஷன்' எனப்படும் கழிவு கொட்டும் இடங்களில் நிறைய மாநிலப் பூங்காக்களுக்குள்ளேயே இருக்கின்றன. பூங்கா பூட்டினால் அதுவும் பூட்டு. அந்த மாதங்களில் கைகொடுத்தவை லாரி நிறுத்தங்கள், முக்கியமாக ஃப்ளையிங் ஜே கிளைகள் சில, திறந்திருந்த தனியார் முகாம்கள், சில நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்கள். கட்டணம் பொதுவாக 10 முதல் 20 டாலர். பெருந்தொற்றுக் காலத்தில் வரைபடச் செயலி 'திறந்திருக்கிறது' என்று காட்டுவதை நம்பி 60 மைல் ஓட்டக் கூடாது. போன் செய்து, 'டம்ப் மட்டும் செய்ய வெளியாட்களை விடுகிறீர்களா' என்றே கேளுங்கள். முகாம் திறந்திருப்பதும் கழிவு கொட்ட வெளியாளை விடுவதும் வேறு வேறு.

முறை இதுதான். தூக்கி எறியும் கையுறை இரண்டு சோடி, ஒன்றன்மேல் ஒன்று. குழாயின் ஒரு முனையை வண்டியில் திருகி, மறுமுனையைத் தரைக் குழியில் செருகி, மேலே கனமான ஏதாவது வைத்து அழுத்துங்கள். வேகமாகப் பாயும்போது முனை துள்ளி வெளியே வந்துவிடும். முதலில் பிளாக் வால்வு. சத்தம் அடங்கியதும் ஒரு வாளித் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றி மறுபடி வடியவிட்டு மூடுங்கள். பிறகு கிரே வால்வு. சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும் என்பதால்தான் இந்த வரிசை. மேல் கையுறையை இங்கே கழற்றிவிட்டு உள் கையுறையோடு குழாயை மடித்து வையுங்கள். அங்கேயே ஒரு தண்ணீர்க் குழாய் தொங்கும், அதில் எந்தக் காரணத்துக்காகவும் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். அது கழிவுக் குழாயை அலச வைத்திருப்பது, அதன் முனையைப் பலரும் சாக்கடைக் குழிக்குள் விட்டிருப்பார்கள்.

கையுறை கோவிட்டுக்காக என்றே 2020-இல் நினைத்தார்கள். பரப்புகளைத் தொடுவதால் கோவிட் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. இங்கே கையுறை போடுவது மலக்கிருமிகளுக்காக, பெருந்தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நல்ல தண்ணீர் பிடிக்க வெள்ளை நிறக் குடிதண்ணீர்க் குழாய் தனியாக வேண்டும், கூடவே 40 முதல் 50 பி.எஸ்.ஐ. அழுத்தக் கட்டுப்படுத்தி. வாடகை வண்டியில் தோட்டக் குழாயைக் கொடுத்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பல மாதம் நின்ற வண்டியின் தண்ணீர்த் தொட்டியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. 15 கேலனுக்குக் கால் கப் வாசனை கலக்காத பிளீச், அதாவது 40 கேலன் தொட்டிக்கு ஏறத்தாழ 160 மில்லி. அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் பிளீச் வாசனை வரும்வரை திறந்து விட்டு, 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு காலி செய்து, வாசனை போகும்வரை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். பிளீச்சே கடையில் இல்லாத நாட்களில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஏழு கேலன் கேன்கள் நான்கு தனியாக நிரப்பி வைப்பது நல்ல மாற்று. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் என்றால் நான்கு பேருக்கு ஒரு வாரம்.

மடக்கி வைக்கும் தண்ணீர்ப் பை 45 கேலன் அளவில் கிடைக்கும். நிரம்பினால் 375 பவுண்டு என்பதை மறக்க வேண்டாம், ஏறத்தாழ 170 கிலோ. பின்புறக் கட்டிலின்மேல் வைத்தால் பின் அச்சில் சுமை ஏறும். முன்பக்கத் தரையில் வைத்து, சின்னப் பம்பால் தொட்டிக்கு மாற்றுங்கள்.

மின்சாரமும் அடுப்பும்

வாடகை வண்டியில் இருப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு ஈய அமில பேட்டரிகள். ஒரு பேட்டரியில் பயமின்றி எடுக்கக்கூடியது 40 ஆம்பியர் மணி அளவுதான். குளிர் இரவில் ஹீட்டரின் விசிறி மட்டும் 7 ஆம்பியர் இழுக்கும். இரவில் மொத்தமாக ஐந்து மணி நேரம் ஓடினால் 35 போய்விடும். காலையில் விளக்கு மங்கும், தண்ணீர்ப் பம்ப் திணறும். ஹீட்டருக்கு வேண்டியது கேஸ்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள், விசிறி ஓடாவிட்டால் ஹீட்டர் பற்றாது.

ஜெனரேட்டர் 4,000 வாட் இருக்கும், பெட்ரோலை வண்டியின் தொட்டியிலிருந்தே எடுக்கும். தொட்டி கால்வாசிக்கு இறங்கினால் தானாக நின்றுவிடும். பாலைவனத்தில் பெட்ரோல் தீர்ந்து நிற்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஃபோர்டு இ-450 அடித்தளத்தில் 55 கேலன் தொட்டி என்றால் 14 கேலன் மிஞ்சும்போதே ஜெனரேட்டர் ஓய்ந்துவிடும். பழுது என்று நினைத்துப் பலர் மெக்கானிக்கைக் கூப்பிடுவது இதற்காகத்தான். கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் பெட்ரோல் சராசரி விலை கேலனுக்கு 2 டாலருக்கும் கீழே இருந்தது, 2022 ஜூனில் 5 டாலரைத் தாண்டியது. அதே பயணத்தின் எரிபொருள் செலவு இரண்டரை மடங்கு.

முகாமில் 30 ஆம்பியர் இணைப்பு கிடைத்தால் மொத்தம் 3,600 வாட். ஏசி 1,500, மைக்ரோவேவ் 1,500. இதன்மேல் மின்சாரக் கெட்டிலை வைத்தால் பிரேக்கர் விழும். இட்லி வேகும் நேரம் ஏசியை நிறுத்துவது எளிது, அதைவிட எளிது கேஸ் அடுப்பில் வேகவைப்பது.

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை தனியாக இருக்கின்றன. ஓட்டல் வேண்டாம் என்று பதினான்கு நாள் மளிகையோடு கிளம்பினால் அரிசி பருப்பு பிரச்சினை இல்லை, ஃபிரிஜ்தான் சின்னது. கேஸில் ஓடும் அந்த ஃபிரிஜ் வண்டி சமதளத்தில் நின்றால்தான் குளிரும், சாய்வில் பல மணி நேரம் ஓடினால் குளிர்விக்கும் பகுதியே கெட்டுப்போகும். முதல் இரண்டு நாள் கீரை, தக்காளி. பிறகு முட்டைக்கோசு, கேரட், உருளை. கடைசியில் வற்றல் என்று வரிசைப்படுத்துங்கள். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் பாத்திரத்தின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் ஒட்டிய சாம்பாரையும் எண்ணெயையும் காகிதத்தால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் கழுவ வேண்டும். வெயிலில் இரண்டு நாள் கிடந்த எண்ணெய்ச் சோப்புத் தண்ணீரின் நாற்றம் பிளாக் டேங்கை மிஞ்சும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். மலைப்பகுதியில் வடிகால் அடைத்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். குக்கர் வைக்கும்போது கூரை விசிறியைப் போடாவிட்டால் ஆவி முழுக்கச் சன்னலில் வடிந்து, சுவர் இடுக்கில் பூஞ்சை பிடிக்கும்.

உள்ளேயே ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்

இந்த வண்டியின் பெரிய பலவீனம் இது. 25 அடிக்குள் ஒரே கழிப்பறை, ஒரே காற்று. கூரை ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. ஏசி ஓடுகிறது, காற்றோட்டம் இருக்கிறது என்று நம்பக் கூடாது.

செய்யக்கூடியது இவ்வளவு. நோயாளியைப் பின்புறக் கட்டிலுக்கு அனுப்புங்கள். அங்குள்ள கூரை விசிறியை வெளியே தள்ளும் திசையில் ஓடவிடுங்கள். முன்பக்கச் சன்னல் ஒன்றை நான்கு விரல் அளவு திறந்து வையுங்கள். காற்று ஆரோக்கியமானவர்களிடமிருந்து நோயாளி பக்கம் போய் மேலே வெளியேறும். மற்ற சன்னல்களை மூடியே வையுங்கள், எல்லாவற்றையும் திறந்தால் இந்த ஓட்டம் கலைந்துவிடும். கழிப்பறைக்குள்ளும் ஒரு சின்ன விசிறி இருக்கும், அதையும் வெளித்தள்ளும்படி போடுங்கள். விசிறி வெளியே இழுக்கும்போது ஜெனரேட்டர் புகைக்குழாய் இருக்கும் பக்கத்துச் சன்னல் திறந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். கண்டறியும் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் எந்த வண்டியையும் எடுக்காதீர்கள். 2020-இல் கதவுப் பிடியைத் துடைக்கச் செலவிட்ட நேரத்தில் பாதியைச் சன்னலுக்குச் செலவிட்டிருந்தால் பலன் அதிகம்.

இதையே திருப்பிப் பாருங்கள். வீட்டு வாசலில் நிறுத்தி ஒருவர் மட்டும் தனிமையில் இருக்க இதைவிட நல்ல அறை கிடைக்காது. 2020 மார்ச்சில் தொடங்கிய 'ஆர்விஸ் 4 எம்.டி.ஸ்' என்ற தன்னார்வக் குழு, சும்மா நின்ற வண்டிகளை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் சேர்த்துவைத்தது. வேலை முடிந்து வருகிறவர் வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே தங்கினார், குடும்பம் உள்ளே பாதுகாப்பாக இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மோட்டார்ஹோம் செய்த மிகச் சிறந்த வேலை இதுதான் என்பது எங்கள் கருத்து. இதற்கு வீட்டு மின்செருகியில் 15 ஆம்பியர் மாற்றி போதும். 1,800 வாட் கிடைக்கும், ஏசி ஓடும்போது வேறெதையும் போடக் கூடாது. நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகி உருகும், தடித்த 10 கேஜ் வயர் வேண்டும். கழிவுக்குச் சக்கரம் வைத்த தொட்டி ஒன்று வாங்கி, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கொண்டுபோய்க் கொட்டினால் வண்டியை அசைக்கவே வேண்டாம்.

எங்கே நிறுத்தலாம்

தனியார் முகாம்கள் 2020 கோடையில் பெரும்பாலும் திறந்தன. நீச்சல் குளமும் பொதுக் குளியலறையும் மூடியிருந்தன. பல இடங்களில் உள்ளேயே கழிப்பறையும் குளியலும் உள்ள வண்டிகளை மட்டுமே விட்டார்கள், கூடாரக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அங்கேதான் கிளாஸ் சி வண்டி போட்ட காசுக்கு வேலை செய்தது.

கூட்டரசின் நில மேலாண்மைத் துறை நிலங்களில் 28 நாளில் 14 நாள் வரை இலவசமாகத் தங்க விடுவார்கள். தண்ணீர், குப்பைத்தொட்டி, கழிவிடம் எதுவும் இருக்காது. குளிர்காலத்துக்கு அரிசோனாவின் குவார்ட்ஸைட் அருகே லா போசா நீண்டகாலத் தங்குமிடம் உண்டு. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைக்குமான அனுமதி 180 டாலர் என்று இருந்தது, தண்ணீரும் கழிவிடமும் அங்கேயே. ஏழு மாதத்துக்கு அந்தப் பணம் என்பது வேறெங்கும் நடக்காதது. அண்டை வண்டிக்கு எத்தனை தூரம் தள்ளி நிற்பது என்பதும் உங்கள் விருப்பம். பெருந்தொற்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எங்களுக்குத் தெரியவில்லை.

வால்மார்ட் வாசலில் இரவு நிறுத்துவது எப்போதுமே அந்தந்தக் கடை மேலாளர் விருப்பம். 2020 மார்ச்சில் 24 மணி நேரக் கடைகள் இரவில் மூடத் தொடங்கியதும் அந்தக் கழிப்பறையும் இல்லாமல் போனது. ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் என்ற அமைப்பின் உறுப்பினர்கள் பண்ணைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் ஓர் இரவு தங்கலாம். இடம் அழகு, கூட்டம் கிடையாது. ஆனால் இணைப்பு எதுவும் இல்லை, மறுநாள் கிளம்பிவிட வேண்டும். வழிப்பயணத்துக்கு நல்லது, ஒடுங்கி இருக்க உதவாது.

ஓரிடத்தை மட்டும் நம்பிப் பயணம் போடாதீர்கள். 2020 செப்டம்பரில் காட்டுத்தீ காரணமாகக் கலிஃபோர்னியாவின் 18 தேசியக் காடுகளையும் மூடினார்கள். கோவிட்டுக்காகக் காட்டுக்குள் ஒதுங்கியவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. பெட்ரோல் எப்போதும் பாதிக்கு மேல் இருக்கட்டும், பிளாக் டேங்க் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டாம்.

எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு இன்னொரு பாடம். 2020 மார்ச் 21 முதல் கனடா, அமெரிக்கத் தரை எல்லை அத்தியாவசியமற்ற பயணத்துக்கு மூடப்பட்டது. குளிர்காலத்தில் தெற்கே போகும் கனடாக்காரர்களை அமெரிக்கா விமானத்தில் வர விட்டது, சாலையில் வர விடவில்லை. ஆள் விமானத்தில், வண்டி லாரியில் என்று தனித்தனியே போனவர்கள் உண்டு. தரை வழி அவர்களுக்குத் திறந்தது 2021 நவம்பர் 8-இல்தான்.

வாங்குவதா, வாடகையா

அமெரிக்காவில் 2019-இல் தொழிற்சாலைகளிலிருந்து வெளியான ஆர்விக்கள் 4,06,070. இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்த 2020-லும் 4,30,412. 2021-இல் 6,00,240. அவ்வளவு வேகத்தில் கட்டியதில் திருகாணி இறுகாத கதவுகளும் கசியும் கூரை ஓரங்களும் வந்தன. பழுது பார்க்க வரிசை மாதக்கணக்கில் நீண்டது. 2023-இல் எண்ணிக்கை 3,13,174-க்கு விழுந்ததும் பழைய வண்டிகளின் விலையும் இறங்கியது. பயத்தில் வாங்குவது எந்தக் காலத்திலும் நல்ல வியாபாரம் இல்லை. ஆண்டுக்கு ஆறு வாரத்துக்குக் குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு வாடகையே போதும் என்போம். 2021-இல் செய்த வண்டியை இன்று பழையதாக வாங்கினால், கூரை ஓரங்களை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் மரம் ஊறியிருக்கிறது.

வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போது மேற்பார்வைப் பலகையில் பிளாக் டேங்க் மூன்றில் இரண்டு பங்கு என்று காட்டினால் அதிகம் கவலைப்பட வேண்டாம், உணர்கருவியில் அழுக்குப் படிந்தால் காலியாக இருக்கும்போதும் அப்படித்தான் காட்டும். கழிப்பறை மிதியை அழுத்தி டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள். தண்ணீர்ப் பம்பைப் போட்டுக் குழாய்களை மூடி ஐந்து நிமிடம் காத்திருங்கள், பம்ப் விட்டுவிட்டுத் துடித்தால் எங்கோ கசிகிறது. கேஸ் தொட்டி வண்டியோடு பொருத்தியது, கழற்றி மாற்ற முடியாது, எனவே நிரப்பித்தான் தரச் சொல்ல வேண்டும். கடைசியாக டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் இறுதி நான்கு எண்களைப் படியுங்கள். 3519 என்றால் 2019-இன் 35-ஆம் வாரம் செய்தது. ஓடாமல் வெயிலில் நின்ற டயருக்குத் தேய்மானம் தெரியாது, ரப்பர் மட்டும் உள்ளுக்குள் வெடித்திருக்கும். ஏழு ஆண்டு தாண்டியிருந்தால், டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும், வேறு வண்டி கேளுங்கள்.